இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: கைக்குழந்தையோடு இரண்டாவது கர்ப்பத்தைக் கடக்க

முதல் பிள்ளை நடக்கப் பழகி, ஓடப் பழகி, இன்னும் சரியாகப் பேசத் தெரியாத வயதில் அடுத்தது தரிக்கிறது. முதல் கர்ப்பத்தில் அசதியாக இருந்தால் மதியம் படுத்துக்கொள்ளலாம், குமட்டினால் சமையல்கட்டுப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். இந்த முறை நீங்கள் கண்ணயர்ந்தால் ஒன்றரை வயதுக் குழந்தை வீட்டுக்குள் தனியாக நடமாடும். குமட்டினாலும் அதற்குச் சோறு பிசைந்தாக வேண்டும். அதனால் மாதாமாதம் செக்கப் போனால் மட்டும் போதாது. வீட்டில் எந்த வேலையை யார், எந்த மாதத்திலிருந்து ஏற்றுக்கொள்வது என்ற ஏற்பாடும் அதே அளவு முக்கியம். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் விட்டுப்போவது இந்த இரண்டாவது விஷயம்தான். "ஏற்கெனவே ஒண்ணு பெத்தவதானே, அவளுக்குத் தெரியாததா" என்று எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி நகர விடாதீர்கள்.

முதல் 12 வாரத்துக்குள்

முதல் பிரசவத்தின்போது பதிந்ததே போதும் என்று இருந்துவிட வேண்டாம். ஒவ்வொரு கர்ப்பத்தையும் பதிய வேண்டும். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) பதிவைச் செய்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் முதல் இரண்டு பிரசவத்துக்கும் உண்டு. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணை தவணையாகப் பணமாகவும் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி, அங்கே நடைமுறையும் தனி. கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அப்படி நினைத்திருந்தால் தவணைப் பணத்துக்கு என்ன நிபந்தனை என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்பைப் பதிவது குழந்தை பிறந்த ஊரில்தான், நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும்.

முதல் செக்கப்புக்குப் போகும்போது பழைய தாய் சேய் அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அதில் வேண்டியவை இவை. போன முறை பிரஷரோ சுகரோ இருந்ததா, குழந்தை எத்தனை கிலோ, மாதம் நிறைந்து பிறந்ததா, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு அதிகமா, சிசேரியன் என்றால் எந்தத் தேதியில் எதற்காகச் செய்தார்கள். போன முறை சுகர் இருந்திருந்தால் இந்த முறையும் வர வாய்ப்பு அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையை முதல் வருகையிலேயே செய்து, 24 முதல் 28 வாரத்தில் மறுபடி செய்வார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. பண்ருட்டிப் பலாச்சுளை தட்டில் நிறைந்திருக்கும் மாதங்களில் இது நினைவிருக்கட்டும்.

டிடி ஊசி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி) முந்தைய கர்ப்பத்தில் இரண்டு டோஸ் போட்டு, 3 வருடத்துக்குள் மறுபடி உண்டாகியிருந்தால் இந்த முறை ஒரே ஒரு பூஸ்டர் போதும். பழைய அட்டை இல்லாவிட்டால் மறுபடி இரண்டு போட வேண்டிவரும்.

உங்கள் ரத்தம் நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால், முதல் பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று பழைய சீட்டில் தேடிப் பாருங்கள். முதல் குழந்தையின் ரத்த அணுக்கள் உங்கள் ரத்தத்தில் கலந்து, அதற்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்திருந்தால் அது இரண்டாவது குழந்தையைத்தான் தாக்கும். ஊசி போட்டதாகக் குறிப்பு இல்லையென்றால் முதல் வருகையிலேயே சொல்லிவிடுங்கள். இன்டைரக்ட் கூம்ப்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள்.

முதல் பிரசவம் சிசேரியனாக இருந்து, இரண்டு பிரசவத்துக்கும் நடுவே 18 மாதத்துக்குக் குறைவாக வரும் என்றால், சுகப்பிரசவத்துக்கு முயலும்போது பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து கூடுதல். நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்கேனில் குறிப்பாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இப்படிப்பட்டவர்கள் ரத்த வங்கியும் எந்நேரமும் அறுவை அரங்கமும் உள்ள இடத்தில்தான் பிரசவம் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்து அடுத்தது தரிக்க 24 மாதமாவது விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு முன்பே உண்டாகிவிட்டால் அதையே நினைத்து மருகுவதில் பயனில்லை. இழந்த இரும்புச்சத்து திரும்பச் சேரவில்லை என்பதுதான் அந்த இடைவெளிக் குறைவின் நேரடி விளைவு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இந்த எண்ணை ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மாத்திரையும் சின்னக் கையும்

இந்தப் பகுதியை வீட்டில் உள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை சிவப்பாக, மேலே சர்க்கரைப் பூச்சோடு இருக்கும். ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. நான்காம் மாதத்திலிருந்து பிரசவம் வரை 180 நாள், பிறகு இன்னும் 180 நாள். அதாவது ஏறக்குறைய ஒரு வருடம் அந்த அட்டைகள் உங்கள் வீட்டில் இருக்கும். அதே வருடம்தான் முதல் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் வருடமும்.

10 கிலோ எடையுள்ள குழந்தை நான்கு மாத்திரை விழுங்கினாலே வயிற்றைப் புண்ணாக்கும் அளவைத் தாண்டுகிறது. பத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் ரத்தத்தோடு. பிறகு குழந்தை தெளிந்தது போலத் தோன்றும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அந்தத் தெளிவுக்குப் பிறகே கல்லீரல் பழுதாகி நிலைமை மோசமாகும். எனவே எத்தனை விழுங்கியது என்று தெரியாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை வாயில் விடவோ உப்புத் தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். மீதி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

மாத்திரையை வைக்க வேண்டிய இடம் பூட்டுள்ள பீரோ அல்லது பெரியவர் கை உயரத்துக்கு மேலே மூடியுள்ள டப்பா. தலையணை அடி, கைப்பை, ஃப்ரிட்ஜ் மேல், சாமி அலமாரி எதுவும் சரிப்படாது. குழந்தை எதிரில் விழுங்காதீர்கள், அது பார்த்ததைச் செய்யும். "மிட்டாய்" என்று சொல்லி எந்த மருந்தையும் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு அது வேலை செய்ய வேண்டுமென்றால் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. நடுவே 2 மணி நேரமாவது இருக்கட்டும். கால்சியம் 500 மில்லிகிராம் மாத்திரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. இரும்பு இரவு, குழந்தை தூங்கிய பிறகு. எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும், காபியும் டீயும் அதைக் கெடுக்கும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

பால் நிறுத்துவதா, வேண்டாமா

"வயித்துல இருக்கறப்ப பால் குடுத்தா உள்ள இருக்கறதுக்கு ஆகாது" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் முதல் குழந்தைக்குத் தாய்ப்பால் தொடரலாம். முன்பு மாதம் நிறையாமல் பிறந்திருந்தாலோ, இப்போது ரத்தக்கசிவு இருந்தாலோ, இரட்டைக் கரு என்றாலோ மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். நான்கு, ஐந்து மாதத்தில் பால் தானாகவே குறையும், ருசியும் மாறும். பல குழந்தைகள் அப்போது தாமாகவே விட்டுவிடும். காம்பு வலி அதிகமாக இருந்து நிறுத்த நினைத்தால், மதியப் பாலை முதலில் நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்துக் காலை, கடைசியாக இரவு. வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் பறித்தால் குழந்தை சாப்பாட்டையும் சேர்த்து வெறுக்கும்.

சவலை விழுவது இங்கேதான் தொடங்குகிறது. பால் நின்றது, அதற்கு ஈடாகச் சோறு கூடவில்லை, அம்மாவுக்கு ஊட்ட முடியாத அசதி, குழந்தை நாள் முழுக்கச் சிணுங்குகிறது, கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. திருஷ்டி கழித்தும் தாயத்துக் கட்டியும் அந்தக் குழந்தை தேறாது. அதற்குத் தேவை எடையும் கணக்கும். மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை போடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை மாதம் ஏறக்குறைய 200 கிராம் ஏற வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் ஏறவே இல்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வயது முடிந்த குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம், நாளுக்கு மூன்று நான்கு வேளை, நடுவே ஒன்றிரண்டு தீனி. சோறு, பருப்பு, ஒரு கரண்டி நெய் அல்லது எண்ணெய், கீரை மசியல், தினம் ஒரு முட்டை அல்லது முள் எடுத்த மீன். அங்கன்வாடிச் சத்துமாவு உங்களுக்கும் தருவார்கள், குழந்தைக்கும் தருவார்கள். இரண்டையும் வாங்குங்கள், வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். பசும்பால் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பால் புட்டியிலேயே வயிறு நிறைந்துவிட்டால் சோறு இறங்காது, ரத்தம் குறையும். குழந்தைக்கான இரும்புச்சத்து டானிக் 1 மில்லி வீதம் வாரம் இரு முறை, அதையும் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தட்டில், தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் மலிவாகக் கிடைக்கும் நெத்திலி, மத்தி, சங்கரா எல்லாம் நல்லவை. சுறாவில் பாதரசம் அதிகம். பிள்ளை பெற்றவளுக்கு சுறாப்புட்டு என்பது நம் வழக்கம் என்றாலும், கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களே மேல்.

அதோடு ஒன்று. குழந்தை மீதி வைத்த சோற்றை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தை இந்த ஒன்பது மாதமும் விட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ என்ற வைரஸ் பல மாதம் இருக்கும். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். ஸ்பூன், டம்ளர் தனித்தனி. வாயில் முத்தம் வேண்டாம், நெற்றியில் கொடுங்கள். ஈரத்துணி மாற்றியதும், மூக்கு துடைத்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.

தூக்குவது, படுப்பது

குழந்தையைத் தூக்கவே கூடாது என்பதில்லை. குனிந்து தரையிலிருந்து வெடுக்கென்று தூக்குவதும், தூக்கியபடி இடுப்பைத் திருப்புவதும்தான் கெடுதல். குந்தி உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அணைத்து, கால் வலுவால் எழுந்திருங்கள். ஒரே பக்க இடுப்பில் வைத்திருந்தால் இரண்டாவது கர்ப்பத்தில் இடுப்பெலும்பு வலி சீக்கிரமே வரும். ஐந்தாம் மாதத்திலிருந்தே 'அம்மா உட்கார்ந்த பிறகு மடிக்கு ஏறு' என்று பழக்குங்கள். ஏழாம் மாதத்தில் திடீரென்று மறுத்தால் குழந்தைக்கு அது அடியாக விழும். ரத்தக்கசிவு இருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தாலோ தூக்கவே வேண்டாம்.

பகல் தூக்கத்தை அடக்க முடியாத முதல் மூன்று மாதத்துக்கு ஓர் அறையைக் குழந்தைக்குத் தோதாக்குங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து போட முடியாதபடி, பிளக் பாயின்ட் மூடி, கட்டில் இல்லாமல் பாய், ஜன்னலருகில் ஏறுவதற்கு எதுவும் இல்லாமல். பாத்ரூம் கதவு சாத்தியிருக்க வேண்டும். அரை வாளித் தண்ணீர்கூட ஒன்றரை வயதுக் குழந்தையை மூழ்கடிக்கும். குழந்தை மதியம் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பாத்திரம் தேய்க்கப் போகாமல் நீங்களும் படுங்கள்.

28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுங்கள், இடப்பக்கம் வசதி. குழந்தையை முதுகுப் பக்கம் விட்டு நடுவே தலையணை வையுங்கள். தூக்கத்தில் கால் வயிற்றில் பட்டால் பயப்பட வேண்டாம், பனிக்குடம் தாங்கும். ஆனால் 20 வாரத்துக்கு மேல் பலமாக மோதினாலோ, நீங்கள் வயிறு படக் கீழே விழுந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள். நெகட்டிவ் ரத்தக்காரர்கள் கட்டாயம்.

வேலையைக் கைமாற்றும் மாதங்கள்

ஐந்தாம் மாதம் முதல் குளிப்பாட்டலும் இரவில் தூங்க வைத்தலும் அப்பாவிடம் போகட்டும். முதல் வாரம் குழந்தை அழும். நீங்கள் எதிரில் இருந்தால் இன்னும் அழும், அந்த நேரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒன்பதாம் மாதத்தில் ஆரம்பித்தால் 'தம்பி வந்ததால்தான் அம்மா என்னைக் குளிப்பாட்டவில்லை' என்று குழந்தை முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

தூளியில் தூங்கும் பிள்ளையை ஏழாம் மாதத்துக்குள் பாய்க்கு மாற்றுங்கள். தூளியை அவிழ்த்துக் கண் மறைவாக வைத்துவிட்டுப் பிறகு சின்னதுக்காக வேறு புடவையில், வேறு இடத்தில் கட்டுங்கள். கக்கூஸ் பழக்கத்தை பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மாதம் புதிதாகத் தொடங்க வேண்டாம். பாதி பழகியதும் திரும்ப மறந்துவிடும், அடி வாங்கும். அங்கன்வாடிக்கு அனுப்புவதென்றாலும் முன்பே அனுப்புங்கள்.

குழந்தையிடம் சொல்வது வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு போதும். இரண்டு வயதுக்குள் உள்ளதற்கு மாதக் கணக்கு புரியாது. உறவுக்காரர்கள் "பாப்பா வந்துட்டா உன்னை யாரும் தூக்க மாட்டாங்க" என்று சீண்டுவார்கள். "உள்ள தம்பியா தங்கச்சியா, சொல்லு" என்று குறி கேட்பார்கள். இரண்டையும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிள்ளை சொன்னது பலிக்காவிட்டால் அந்தப் பேச்சு அதன் காதிலேயே விழும்.

வலி வருமுன் முடிக்க வேண்டியது

தலைப்பிரசவம் தாய்வீட்டில், இரண்டாவது பெரும்பாலும் சொந்த வீட்டில். எனவே பெரிய பிள்ளையை யார் பார்ப்பது என்பது இப்போதுதான் முதல் முறையாகக் கேள்வியாக எழுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் இலவச உணவு. உங்கள் ஏற்பாடும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். பிரசவ வார்டில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. யார் வீட்டில் விடுவீர்களோ, அவர் எட்டாம் மாதத்திலேயே உங்கள் வீட்டுக்கு வந்தோ, குழந்தை அங்கே போயோ இரண்டு மூன்று இரவு தங்கிப் பழக வேண்டும். ராத்திரி 2 மணிக்கு வலி வந்தால் யார் வருவது, அவருக்கு வரமுடியாவிட்டால் அடுத்தவர் யார் என்று இரண்டு பெயர் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது சுகப்பிரசவம் முதலாவதைவிட வேகமாக நடக்கும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை சீராக வலி வரத் தொடங்கியதும் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். கடலூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையும் ஜிப்மரும் இருக்கின்றன. சிக்கலான கர்ப்பம் என்றால் எங்கே என்பதை 32 வாரத்துக்குள் முடிவு செய்து அங்கேயே ஒரு முறையாவது காட்டியிருங்கள்.

தேதி நவம்பர், டிசம்பரில் விழுந்தால் தனிக் கவனம் வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது மழை போதாதென்று தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்து கரையோரங்கள் மூழ்கின. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தென்பெண்ணை, ஊருக்குள்ளேயே கெடிலம். மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்ட வேண்டிய ஆஸ்பத்திரியை நம்பியிருந்தால், புயல் எச்சரிக்கை வந்ததும் 37 வாரம் தாண்டியவர்கள் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். செவிலியரிடம் பெயரைச் சொல்லி வையுங்கள், அரசே அழைத்துப் போவார்கள். பெரிய பிள்ளையை ஆற்றுக்கு எந்தப் பக்கம் விடுவது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அட்டை, ஆதார், பாஸ்புக், ஸ்கேன் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில்.

எப்போது வேண்டுமானாலும் உடனே போக வேண்டியவை: ரத்தக்கசிவு, விடாத தலைவலியோடு கண் மங்குதல், முகம் கை வீக்கம், 2 மணி நேரத்தில் அசைவு பத்துக்கும் குறைவு, காய்ச்சல். "குழந்தை அழுதுகொண்டிருக்கிறது, நாளைக்குப் போகலாம்" என்பது இவற்றுக்குப் பொருந்தாது.

வீடு திரும்பிய பிறகு

வாசலில் நுழையும்போது சின்னது வேறொருவர் கையில் இருக்கட்டும், உங்கள் கை பெரியதற்குக் காலியாக இருக்கட்டும். பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் பெரியது விளையாட ஒரு பெட்டிப் பொருள் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நேரம் அது மேலே போய்விடும். இரண்டையும் சேர்த்துப் பாலூட்டுவதாக இருந்தால் சீம்பாலும் ஒவ்வொரு முறை முதல் பாலும் புதிதாகப் பிறந்ததற்கே. இரண்டாவது பிரசவத்தில் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருங்கும் வலி முதல் முறையைவிடக் கூடுதலாக இருக்கும், சில நாளில் அடங்கும்.

பிள்ளை பெற்றவள் வீட்டில் கொதிக்கும் வெந்நீர் அண்டாவும் சாம்பிராணித் தணலும் தினமும் தரையில் இருக்கும். பெரிய குழந்தை வெந்துபோகும் சம்பவங்கள் இந்த நாட்களில்தான் அதிகம் நேரக்கூடியவை. வெந்நீர் தரையில் இருக்கும் வரை குழந்தை வேறு அறையில், ஒரு பெரியவரின் கையில். பச்சைக் குழந்தைக்குப் புகை போடவே வேண்டாம். தூளியில் சின்னது இருக்கும்போது பெரியதைத் தனியே விட்டுப் போகாதீர்கள், பாசமாக ஆட்டுவதே ஆபத்தாகிவிடும்.

அடுத்த இடைவெளிக்கான முடிவை எட்டாம் மாதத்திலேயே கணவரோடு பேசி வையுங்கள். காப்பர்-டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) என்றால் பிரசவமானதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் போடலாம், கருத்தடை அறுவை என்றால் 7 நாளுக்குள். பிரசவ வலியில் கையெழுத்துக் கேட்டால் யாராலும் யோசிக்க முடியாது.

இந்தக் கலவரத்தில் மறந்துபோவது பெரிய பிள்ளையின் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி பூஸ்டர், தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் டோஸ், போலியோ சொட்டு, 6 மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ. டிபிடிக்குக் காய்ச்சல் வரும், இரவு முழுக்க மடி கேட்கும். பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு புதன்கிழமையில் போட்டு முடித்துவிடுங்கள்.